பட்டறை ஈன்ற மேதை ஜான் பிரௌனிங்

கொல்லுப்பட்டறையை ஒட்டிய வீட்டில் பிறந்தவனுக்குச் சம்மட்டியின் ஓசையே தாலாட்டு. நான் அவ்வாறு வளர்ந்தவன். என் தந்தையார் கலப்பைக் கொழுவும் கதிர் அரிவாளும் அடிப்பவர். வரைபடம் என்ற ஒன்றை அவர் தம் வாழ்நாளில் பிரித்துப் பார்த்ததில்லை. அவருடைய கண்ணே அளவுகோல். எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய நான், இயற்பியல் நூல்களுக்கு நடுவே ஜான் மோசஸ் பிரௌனிங் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைப் படித்தபோது, அவர் எனக்கு அயலாராகவே தோன்றவில்லை.

அமெரிக்கப் படையினர் 1911ஆம் ஆண்டு தொடங்கி 1985ஆம் ஆண்டு வரை, 74 ஆண்டுகள், இடுப்பில் தாங்கிய கைத்துப்பாக்கியை ஆக்கியவர் இவரே. கொல்லும் கருவியைச் செய்தவரைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. அதைக் கூடவே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஆக்டன் என்னும் சிற்றூரில் 1855ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிரௌனிங் பிறந்தார். தந்தையார் ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கி செய்பவர், மோர்மன் சமயத்தார். அவருக்கு மனைவியர் மூவர், மக்கள் இருபத்திருவர். அத்துணைப் பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். பதினைந்து வயது அளவில் படிப்பு நின்றது. தமக்குத் தெரிந்ததையெல்லாம் பையன் கற்றுவிட்டான், இனிக் கற்பிக்க ஒன்றுமில்லை என்று ஆசிரியரே சொல்லி அனுப்பினார் என்பர்.

பத்து வயதில் அவர் செய்த முதல் துப்பாக்கியைப் பற்றிக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பட்டறையில் உடைந்து கிடந்த பழைய குழாய் ஒன்றை எடுத்து, மரக்கட்டையில் கம்பியால் இறுகக் கட்டி, தம்பி மாத்யூவைக் கங்கு ஏந்தி உடன்வரச் செய்து, காட்டுக்கோழி சுட்டு வந்தாராம். தந்தையார் கறியைச் சுவைத்து உண்டுவிட்டு, இதைவிட நல்ல துப்பாக்கி செய்ய உன்னால் ஆகாதா என்ற பொருளில் ஒரு சொல் மட்டும் சொன்னாராம். பாராட்டைக் கூடக் குறைகூறுவது போலவே சொல்லும் தந்தையர் எல்லா நாட்டுப் பட்டறைகளிலும் இருக்கிறார்கள் போலும்!

1879ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்க இயலாதது. அவ்வாண்டு ஏப்ரலில் திருமணம். சூனில் தந்தையார் மறைவு. அக்டோபர் 7ஆம் நாள் முதல் காப்புரிமை. ஒரு முறைக்கு ஒரு தோட்டா சுடும் அந்தத் துப்பாக்கியை உடன்பிறந்தாருடன் சேர்ந்து ஆக்டனிலேயே செய்து விற்றார். அவற்றுள் ஒன்று புகழ்பெற்ற வின்செஸ்டர் நிறுவனத்தாரின் கண்ணில் பட்டது. அந்நிறுவனத்தின் பென்னட் என்பவர் 1883இல் நாட்டின் கீழ்க்கோடியிலிருந்து ரயிலேறி ஆக்டனுக்கே வந்தார். 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் பிரௌனிங் ஆக்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கி அமைப்புகளை வின்செஸ்டர் வாங்கியது. ஆயினும் அவற்றுள் மிகச் சிலவே உற்பத்திக்கு வந்தன. மற்றவற்றைப் பிறர் கைக்குப் போகாமல் இருக்கவே வாங்கிப் பூட்டி வைத்தார்கள். பணம் கிடைத்தது உண்மையே. ஆனால் தான் பெற்ற பிள்ளை பெட்டிக்குள் கிடப்பதைப் பார்க்கும் தாயின் மனம் அவருக்கு இருந்திருக்காதா?

1889ஆம் ஆண்டு இலையுதிர் காலம். சுடும் பயிற்சி நடந்த இடத்தில், ஒவ்வொரு வெடிக்கும் குழாயின் முன்னே இருந்த புல்பூண்டுகள் சாய்ந்து எழுவதை அவர் கண்டார். நூறு பேர் கண்ட காட்சிதான் அது. அந்தப் புல்லைச் சாய்க்கும் காற்று வீணாகப் போகிறதே என்று எண்ணியவர் அவர். அன்றே பட்டறைக்குத் திரும்பி, அந்த வளியின் விசையால் துப்பாக்கி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளுமா என்று சோதிக்கத் தொடங்கினார். இதிலிருந்து பிறந்ததே 1895இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட இயந்திரத் துப்பாக்கி. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் அவர் கருத்துச் சென்றதும் இந்த ஆண்டுகளில்தான். 1897இல் அதற்குரிய காப்புரிமைகள் கிடைத்தன. அமெரிக்காவில் கோல்ட் நிறுவனமும், பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டலில் இருந்த எஃப். என். தொழிற்சாலையும் அவற்றைச் செய்யத் தொடங்கின.

இனி அந்தப் புகழ்பெற்ற கைத்துப்பாக்கியின் கதைக்கு வருவோம். அது தொடங்கும் இடம் அமெரிக்கா அன்று. நம் ஆசியக் கண்டத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகள். 1898இல் ஸ்பெயினிடமிருந்து அத்தீவுகளைப் பெற்ற அமெரிக்கா, அம்மக்களின் எதிர்ப்பை ஆயுதத்தால் அடக்க முற்பட்டது. தென்பகுதியில் மோரோ மக்கள் வாளேந்தி நெருங்கி வந்து போரிட்டனர். அமெரிக்க அதிகாரிகளிடம் இருந்த 0.38 அங்குல ரிவால்வரின் குண்டு பட்ட பின்னும் அவர்கள் நில்லாமல் வந்தனர் என்று செய்திகள் போயின. பழைய 0.45 அங்குல ரிவால்வர்களைக் கிடங்கிலிருந்து எடுத்து அனுப்பினர். 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிகாகோ நகர் இறைச்சிக் கொட்டில்களின் மாடுகள் மீதும், இறந்தோர் உடல்கள் மீதும் சுட்டுப் பார்த்து, 0.45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு படைக்கு ஆகாது என்று முடிவு கூறினர். தன் மண்ணைக் காக்க நின்றவனின் மார்பகலத்தை வைத்து ஒரு குண்டின் அளவு முடிவாயிற்று. இந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே நடந்து வந்தேன்.

பிரௌனிங் 0.45 அங்குலத் தோட்டாவையும் அதற்கேற்ற கைத்துப்பாக்கியையும் ஆக்கினார். 1907 முதல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் போட்டிச் சோதனைகள் நடந்தன. ஜெர்மானியரின் லூகரும் வந்தது. இறுதியில் கோல்ட், சாவேஜ் என்ற இரண்டே எஞ்சின. 1911 மார்ச்சுத் திங்களில் இறுதிச் சோதனை. பிரௌனிங் நேரில் இருந்தார். ஒவ்வொரு துப்பாக்கியும் 6,000 தோட்டா சுட வேண்டும். நூறு சுட்டதும் ஐந்து நிமிடம் ஆறவிடுவர். ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெய் இடுவர். அளவு மீறிச் சூடேறினால் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பர். பிறகு நசுங்கிய தோட்டா, தூசு, துருவேற்றும் அமிலம் என்று வேறு சோதனைகளும் இருந்தன. சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. பிரௌனிங்கின் துப்பாக்கி ஒரு முறையும் தடைப்படவில்லை. 1911 மார்ச்சு 29ஆம் நாள் அமெரிக்கத் தரைப்படை அதை ஏற்றுக்கொண்டது. ஏற்ற ஆண்டே அதற்குப் பெயராயிற்று.

அதன் செயல்முறை இயற்பியல் மாணவர்க்கு விருந்து. குண்டின் நிறை ஏறத்தாழ 15 கிராம்; வேகம் நொடிக்கு 250 மீட்டர். துப்பாக்கியின் நிறை 1.1 கிலோகிராம். உந்த அழிவின்மை விதிப்படி கணக்கிட்டால், துப்பாக்கி நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்க முயலும். பிறருக்கு இது தோளிலும் கையிலும் ஏறும் உதை. பிரௌனிங்குக்கு இது கூலியில்லாத வேலையாள். வெடித்தவுடன் குழாயும் அதன்மேல் ஓடும் உறையும் ஒன்றோடொன்று பூட்டிய நிலையில் சிறிது தூரம் பின்செல்கின்றன. அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்துவிடும். அப்போது அடியிலுள்ள ஒரு சிறு கொண்டி குழாயின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது, பூட்டு விடுபடுகிறது. மேலுறை மட்டும் தனியே பின்னோடி, வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, சுத்தியலைப் பின்தள்ளி நிறுத்துகிறது. அழுந்திய சுருள்வில் மீண்டும் அதை முன்தள்ள, கைப்பிடிக்குள் உள்ள ஏழு தோட்டாக்களில் ஒன்று மேலேறுகிறது. தேசிய மாணவர் படைப் பயிற்சியில் 0.22 ரைஃபிளின் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளியபோதெல்லாம் இந்தக் கொண்டியை நினைத்துக்கொள்வேன்.

1914 சூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டார். அந்தக் கையில் இருந்ததும் ஹெர்ஸ்டலில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியே. அதைத் தொடர்ந்த முதல் உலகப் போரில் 1917இல் அமெரிக்கா இறங்கியபோது, அரசு பிரௌனிங்கை நாடியது. கைத்துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, தானியங்கி ரைஃபிள் ஆகியவற்றின் போர்க்கால உரிமைக்காக 7,50,000 டாலர் தர முன்வந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமைப்பங்கு கேட்டிருந்தால் பன்மடங்கு வந்திருக்கும். அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். மகன் வால், படை அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றார். 1918 அக்டோபர் 8ஆம் நாள் ஆல்வின் யார்க் என்னும் படைவீரர், துப்பாக்கி ஈட்டியோடு பாய்ந்த ஆறு ஜெர்மானியரைத் தனியாகத் தடுத்தது இந்தக் கைத்துப்பாக்கியால்தான்.

போருக்குப் பின் சில சிறு திருத்தங்களே தேவைப்பட்டன. விசையைச் சற்றுக் குறுக்கினர். கைப்பிடியின் பின்புறத்தை வளைத்தனர். இரண்டாம் உலகப் போரில் தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சைகைக் கருவிகள் செய்த மற்றொரு நிறுவனமும் இதைச் செய்தன. தையல் இயந்திரம் செய்த சிங்கர் நிறுவனமும் ஐந்நூறு மட்டும் செய்து கொடுத்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 27 லட்சம் அமெரிக்கப் படைக்குச் சென்றன. கொரியாவிலும் வியட்நாமிலும் படையினர் சுமந்தது 1945க்குள் செய்தவற்றையே.

இவற்றைக் காண பிரௌனிங் இல்லை. முதுமையிலும் அவர் ஹெர்ஸ்டலுக்குச் சென்று வந்தார். அங்குள்ள தொழிற்சாலைக்காகப் புதியதொரு கைத்துப்பாக்கியில் முனைந்திருந்தார். இதில் ஒரு வேடிக்கை. பழைய துப்பாக்கியின் காப்புரிமைகளைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டதால், தாமே கண்டுபிடித்தவற்றைத் தாமே பயன்படுத்த அவருக்கு உரிமையில்லை! தாம் எழுப்பிய வேலியைத் தாமே சுற்றிக்கொண்டு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1926 நவம்பர் 26ஆம் நாள் அத்தொழிற்சாலையிலேயே, மகனின் அறையில், நெஞ்சடைப்பால் காலமானார். வயது 71. அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன.

முடியாத வேலையை டியூடொனே சேவ் என்னும் பெல்ஜியர் தொடர்ந்தார். கோல்ட்டின் காப்புரிமைக் காலம் 1928இல் முடிந்ததும், பிரௌனிங்கின் பழைய முறைகளையும் சேர்த்து 1935இல் முடித்தார். இரண்டாம் உலகப் போரில் ஹெர்ஸ்டலைப் பிடித்த ஜெர்மானியரும் அதைச் செய்தனர். கனடாவில் நேச நாட்டினரும் செய்தனர். நம் இந்தியப் படையினர்க்காக மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி இதன் வழிவந்ததே. இதை நான் தந்தையாரிடம் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த ஆள் எந்த இரும்பில் அடித்தார் என்று. எனக்கு விடை தெரியவில்லை.

1985இல் அமெரிக்கப் படை, நேட்டோ நாடுகளின் பொது அளவாகிய 9 மில்லிமீட்டருக்கு மாறி, இத்தாலியப் பெரட்டாவை ஏற்றது. அதில் குழாய் தாழ்வதில்லை. பூட்டும் முறையே வேறு. 2017இல் அதற்கும் மாற்றாக சிக் சாவர் கைத்துப்பாக்கி வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் கொண்டி இல்லை. ஆயினும் வெடித்தபின் குழாயின் பின்பக்கம் மீண்டும் கீழே தாழ்கிறது.