அசட்டுத் துப்பறிவாளரைப் படைத்தவர்

குழந்தைகளே! திருடனைப் பிடிக்க நிறைய மூளை வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? துப்பறியும் சாம்புவுக்கு அது தேவைப்படவே இல்லை! சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. சுத்த அசடு. அவர் ஏதோ உளறுவார், எங்கோ தடுமாறி விழுவார். திருடன் அகப்பட்டுக் கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ, எல்லாம் சாம்புவின் மூளை என்று வியந்து போவார்!

இந்தச் சாம்புவைப் படைத்தவர் எழுத்தாளர் தேவன். இயற்பெயர் மகாதேவன். 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். (அட, என் தொழில்!) ராஜாமணி என்ற குறும்புப் பையனைப் பற்றிக் கதை எழுதி, 'ஆனந்த விகடன்' பத்திரிகைக்கு அனுப்பினார். அப்போது அங்கே ஆசிரியராக இருந்த கல்கிக்கு அது பிடித்துவிட்டது. பிறகு அங்கேயே வேலையும் கிடைத்தது. 1942 முதல் அதன் நிர்வாக ஆசிரியராக இருந்தார். பத்திரிகை வேலைகளுக்கு நடுவேதான் வாரா வாரம் கதைகளும் எழுதினார். ஆனால், 1957 மே 5-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 43 தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, தூர்தர்ஷனில் சாம்பு தொடராக வந்தார். காத்தாடி ராமமூர்த்தி நடித்தார். எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில், டி.வி. இருந்த வீட்டுக்குத் தறியை நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள். சாம்பு விழித்தால் போதும், கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்கத் தேவன்தான் இல்லை.