வங்கம் தந்த வேதியியல் மேதை

செய்முறை வகுப்பில் விளைபொருளை நிறுத்துப் பார்க்கும்போது நம் முகம் வாடிப்போகிறது. கணக்குப்படி கிடைக்க வேண்டிய எடை தராசில் வருவதில்லை. அவ்வேளையில் நாம் நினைக்க வேண்டிய பெருந்தகை ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

இன்றைய வங்கதேசத்திலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் 1861 ஆகஸ்டு 2-ஆம் நாள் இவர் பிறந்தார். சிறுவயதில் சீதபேதியால் பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. தந்தையின் நூலகமே அப்போது பள்ளியாயிற்று. கில்கிறைஸ்ட் உதவித்தொகை பெற்று 1882-இல் எடின்பரோ சென்று, 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

மருந்துகள் கடல் கடந்து வந்த காலம் அது. ராய் 700 ரூபாய் முதலுடன் வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். கசாப்புக் கடை எலும்புகளை மாடியில் உலர்த்தினார். காகங்கள் அவற்றை அக்கம்பக்கத்து வீடுகளில் போட, புகார் கிளம்பியது. ஆயினும் எலும்புச் சாம்பலிலிருந்து சோடியம் பாஸ்பேட்டைச் செய்து காட்டினார். அம்முயற்சியே 1901-இல் பெங்கால் கெமிக்கல் என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

சிறு முதலில் தொழில் நடத்துபவருக்கு விளைச்சல் சதவீதமே உயிர்நாடி. நம் மதுரையில் காளவாசல் என்றொரு பகுதி உண்டு. காளவாசல் என்றால் சூளை. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறி, 56 கிலோ நீற்றாத சுண்ணாம்பு கிடைக்க வேண்டும். 42 கிலோதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 56-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 75 சதவீதம். எஞ்சிய 25 எங்கே? வேகாத கல்லிலா, சிந்தியதிலா? இக்கேள்வியே அடுத்த சூளையைத் திருத்தும். எடையை மாற்றி எழுதினால் கேள்வியே பிறக்காது!

1895-இல் ராய் மெர்க்குரஸ் நைட்ரேட் தயாரிக்க முயன்றபோது எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றின. பிழையென்று அவர் கொட்டிவிடவில்லை. ஆராய்ந்தார், அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்று கண்டு, 1896-இல் உலகுக்கு அறிவித்தார்.

மணம் புரியாமல், கல்லூரி அறையொன்றிலேயே எளிமையாக வாழ்ந்தார். 60 வயதுக்குப் பின் தம் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். 1944 ஜூன் 16-இல் மறைந்தார்.

தோழியரே, தராசு காட்டியதை அப்படியே எழுதுவோம். குறைந்த எடையும் நமக்கு ஆசானே!