பில் பட்னம்

மலைக்குகையிலோ கருங்கல் மண்டபத்திலோ பாடினால், பாடி முடித்த பின்னரும் இசை சிறிது நேரம் நின்று ஒலிக்கும். சுவர்களில் பட்டு மீளும் ஒலிகள் பலவும் ஒன்றோடொன்று கலந்து நீளுதலே இதற்குக் காரணமாம். இதனை எதிர்முழக்கம் என்பர். ஒலிப்பதிவுக் கூடங்களிலோ சுவர்களுக்கு மெத்தென்ற பொருள்களைப் போர்த்துவர். அவை ஒலியை உறிஞ்சிவிடுதலின், பதிவாகும் இசை வறண்டு தோன்றும். இக்குறைக்கு எளியதொரு வழி கண்டவர் பில் பட்னம் ஆவார்.

இவர் 1920ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய் மாநிலத்தில் டான்வில் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே வானொலிக் கருவிகளில் பெருவிருப்பம் கொண்டார். 1946இல் சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் யுனிவர்சல் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை நண்பர்களுடன் தொடங்கினார். பின்னர் அது சிகாகோ நகர இசைநாடக மாளிகையின் மேல்தளத்திற்கு மாறியது.

1947இல் ஹார்மோனிகாட்ஸ் என்னும் மூவர் குழுவினர் அங்கு வந்து, வாயால் ஊதும் ஹார்மோனிகாக் கருவிகளில் ஒரு பாட்டை இசைத்தனர். சிறு கருவிகளின் மெல்லிசை வறண்ட கூடத்தில் மடிந்துவிடாமல் காத்தல் எங்ஙனம்? பட்னம் அம்மாளிகையின் குளியலறையை நாடினார். வழவழப்பான அதன் சுவர்கள் ஒலியை உறிஞ்சா, திருப்பி எறியும். எனவே, கூடத்து இசையைக் கம்பி வழியே அங்குக் கொண்டுசென்று ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார். அறையில் எழுந்த முழக்கத்தை ஒலிவாங்கியால் வாங்கி, மூல இசையோடு கலந்தார். முழக்கம் மிகின் இசை குழம்பும். குறையின் சுவை கெடும். ஆதலின் கறிக்கு உப்பிடுவார் போல அளவறிந்து சேர்த்தார். அவ்விசைத்தட்டு அவ்வாண்டில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பிறரும் அவர் வழியைப் பின்பற்றலாயினர்.

1950களின் பிற்பகுதியில் பட்னம் ஹாலிவுட்டிற்குச் சென்று, எதிர்முழக்கத்திற்கெனத் தனியறைகளையுடைய பெருங்கூடத்தை அமைத்தார். ஒலிகளை அளவுபடக் கலக்கும் மேசைகளையும் பிற கருவிகளையும் உருவாக்கினார். 1989இல் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் கிராமி தொழில்நுட்ப விருது அவர் நினைவிற்கு வழங்கப்பெற்றது. இக்காலத்தில் கணிப்பொறியே அறைகளின் முழக்கத்தை உண்டாக்குகின்றது; எனினும் அது பின்பற்றுவது அன்றைய சுவர்களின் இயல்பையே.

குளியலறையை நாள்தோறும் பலர் கண்டனர். அதன் பயனைக் கண்டவர் ஒருவரே. எளிய பொருளென்று எதனையும் இகழாது, அதன் இயல்பை ஆராய்ந்தறிதலே அறிவுடைமையாகும்.