காந்தித் தாத்தாவும் ஆடும்

எங்க வீட்டு ஆட்டுக்குட்டி கத்தினால் எனக்குக் காந்தித் தாத்தா ஞாபகம்தான் வரும். ஏன் தெரியுமா?

1869-ல் போர்பந்தரில் பிறந்த அவர் ராஜ்கோட்டில் படிக்கும்போது, கறி தின்றால்தான் வெள்ளைக்காரனை விரட்ட பலம் வரும் என்று ஒரு நண்பர் ஏத்திவிட்டார். இவரும் ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டுக்கறி தின்றார். தோல் மாதிரி இருந்ததாம். அன்னிக்கு ராத்திரி வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கத்துவது போல இருந்து தூக்கமே போச்சு! இன்னும் சில தடவை தின்றார். அம்மாவிடம் பொய் சொல்ல மனசு வராமல் விட்டுவிட்டார். 1888-ல் லண்டன் போகுமுன் கறி தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியமும் செய்தார். சைவ ஹோட்டல் கண்ணில் படும்வரை அங்கே அரைப்பட்டினிதான்.

பசு, எருமைகளைப் பாலுக்காகப் படுத்தும் பாடு தெரிந்து, 1912-ல் பாலையும் விட்டார். 1918-ல் படுத்த படுக்கை. டாக்டர் சொல்லியும் பால் வேண்டாம் என்று ஒரே அடம். ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று மடக்கியது கஸ்தூரிபா அம்மாதான். குடித்தார், தேறினார். ஆனாலும் விரதத்தை ஏமாற்றிவிட்டோமே என்று அவருக்கு உறுத்தல்.

எங்க குட்டி ஆடி மாசம் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது. நானும் கறி தின்கிறவள்தான். இந்தத் தடவை தட்டில் போட்டால் என்ன செய்வேன்னு தெரியலை.