பனிக்கடல் கண்ட பேரறிஞர்

பொன்னையும் பொருளையும் தேடிக் கடல் கடந்து சென்றோர் பலர். புகழைத் தேடிச் சென்றோரும் பலர். உண்மையை அறிதல் ஒன்றனையே கருதிக் கடுங்குளிரையும் பெரும்பனியையும் எதிர்த்து நின்றோர் மிகச் சிலரே ஆவர். அச்சிலருள் ஒருவர், எரிக் வான் டிரிகால்ஸ்கி என்னும் ஜெர்மானியப் புவியியல் அறிஞர்.

இவர் 1865ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் கோனிக்ஸ்பெர்க் நகரிற் பிறந்தார். அந்நகர் இப்பொழுது கலினின்கிராடு என்னும் பெயருடன் ருஷ்ய நாட்டில் உள்ளது. கணிதமும் இயற்கை அறிவியலும் கற்கத் தொடங்கிய இவர், ரிக்டோபன் என்னும் புகழ்மிக்க புவியியல் ஆசிரியருக்கு மாணாக்கரானார். பின்னர், 1891ஆம் ஆண்டு முதல் 1893ஆம் ஆண்டு வரை இருமுறை கிரீன்லாந்துக்குச் சென்று, அங்குள்ள பனியாறுகள் எவ்வாறு நகர்கின்றன என்பதைப் பொறுமையுடன் அளந்தறிந்தார். கண்டதை அளத்தலும், அளந்ததை அன்றன்றே எழுதிவைத்தலும் அப்போதே இவருக்கு வழக்கங்களாயின.

அக்காலத்தில் தென்முனைப் பகுதியைப் பற்றி உலகம் அறிந்தது சிறிதே. அதனை ஆராய ஜெர்மானிய அரசு ஒரு குழுவை அமைத்து, டிரிகால்ஸ்கியைத் தலைவராக்கியது. கணித மேதை காஸ் என்பாரின் பெயர் பூண்ட மரக்கப்பல், 1901ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கீல் துறைமுகத்தினின்றும் புறப்பட்டது. 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தென்முனைக் கண்டத்தின் கரைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், கப்பலைச் சுற்றிலும் கடல்நீர் உறைந்து இறுகியது. கப்பலில் இருந்த 32 பேரும் பனிச்சிறையில் அகப்பட்டனர்.

தலைவர் கலங்கினாரல்லர். கப்பலையே ஓர் ஆராய்ச்சிக் கூடமாக்கினார். காற்றின் வேகம், குளிரின் அளவு, காந்த ஊசியின் சாய்வு, கடலின் ஆழம் ஆகியவை இடையறாது குறிக்கப்பெற்றன. மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள், வாயு நிரப்பிய பலூனில் ஏறி, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் சென்று, தாம் கண்டவற்றைத் தொலைபேசி வாயிலாகக் கீழே இருந்தோர்க்கு அறிவித்தார். வெண்பனிப் பரப்பின் நடுவே பனி மூடாத கரிய குன்று ஒன்று தோன்றியது. அவிந்துபோன எரிமலையாகிய அக்குன்றை, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளிற் சென்று ஆராய்ந்து, காஸ்பெர்க் எனப் பெயரிட்டனர்.

தென்கோளத்துக்குரிய கோடை திசம்பரில் வந்தது. ஆயினும் பனி விலகவில்லை. வாளால் அறுத்தனர், வெடிமருந்திட்டுத் தகர்த்தனர், பயனில்லை. அப்பொழுது டிரிகால்ஸ்கி சிறியதொரு செய்தியை உற்று நோக்கினார். கப்பலின் புகைக்கரி விழுந்த இடங்களில் மட்டும் பனி விரைவாக உருகியிருந்தது. கருநிறம் கதிரவன் வெப்பத்தை மிகுதியாக ஏற்கும் என்பதை அறிந்த அவர், கப்பலிலிருந்து திறந்த நீர்ப்பகுதி வரை ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்திற்குச் சாம்பலையும் குப்பையையும் பரப்பச் செய்தார். நாளடைவில் அவ்வழியே பனி உருகிக் கால்வாய் போல் ஆயிற்று. 1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் பனி பிளந்தது. கப்பல் விடுதலை பெற்றது. எல்லோரும் காலடியில் மிதித்துச் சென்ற கரித்தூளே, நோக்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் வழிகாட்டியாயிற்று.

ஆயினும் துன்பம் இல்லாமற் போகவில்லை. கெர்கலன் தீவில் தங்கி ஆராய்ந்த இக்குழுவின் கிளையைச் சேர்ந்த என்சென்ஸ்பெர்கர் என்னும் வானிலை அறிஞர், அதே பிப்ரவரித் திங்களிற் பெரிபெரி நோயால் உயிர் துறந்தார். தென்னாப்பிரிக்கா வந்தடைந்த டிரிகால்ஸ்கி, மீண்டும் ஒருமுறை தெற்கே செல்ல அரசினிடம் அனுமதி வேண்டினார். திரும்பி வருமாறு ஆணை வந்தது. அந்நாளில் ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் 82 பாகைக்கு அப்பாலும் தெற்கே சென்றிருந்தார். ஜெர்மானியக் கப்பலோ 66 பாகையளவிலே நின்றுவிட்டது. எவ்வளவு தொலைவு சென்றார் என்று மட்டும் கணக்கிட்டவர்கள், எவ்வளவு அறிந்து வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. எனவே, நாடு திரும்பியவர்க்கு எதிர்பார்த்த பாராட்டுக் கிட்டவில்லை.

டிரிகால்ஸ்கி எவரோடும் வழக்காடவில்லை; எழுதுகோலைக் கையிலெடுத்தார். 1906ஆம் ஆண்டு முதல் மியூனிக் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகப் பணியாற்றிக்கொண்டே, தாமும் தம் குழுவினரும் கொண்டுவந்த குறிப்புகளையும் பொருள்களையும் துறைதோறும் வல்ல அறிஞரிடம் ஒப்படைத்து ஆராய்வித்தார். முதல் உலகப் பெரும்போரும், அதன் பின் நேர்ந்த பொருள்முடையும் அப்பணியைத் தளர்த்த முயன்றன, அவர் தளரவில்லை. 1905ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய ஆராய்ச்சித் தொகுதிகள் 1931ஆம் ஆண்டில் நிறைவெய்தின. அவை 20 நூல்களும் 2 படத்தொகுதிகளும் ஆகும். ஈராண்டுப் பயணத்தின் பயனை உலகிற்கு முழுமையாக அளிக்க ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தார். அந்நிறைவு கண்டபோது அவருக்கு வயது அறுபத்தாறு.

1949ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டிரிகால்ஸ்கி மியூனிக் நகரில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஆவணங்களும் கடிதங்களும் லைப்சிக் நகரிலுள்ள புவியியல் ஆவணக் காப்பகத்திற் போற்றப்பட்டு வருகின்றன. அவர் ஊர்ந்து சென்ற கப்பல் வேற்று நாட்டிற்கு விற்கப்பட்டுப் பெயரும் மாறிப்போயிற்று. அவரைச் சிறைப்படுத்திய பனியும் உருகிக் கடலோடு கலந்துவிட்டது. குளிரில் விறைத்த விரல்களால் நாள்தோறும் குறித்துவைத்த அளவுகள் மட்டும் அழியவில்லை. பனியும் வானிலையும் காலந்தோறும் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராய்வோர்க்கு அத்தகைய பழைய அளவுகளே ஒப்புநோக்க உதவுகின்றன. கைதட்டல் ஒருநாள் ஒலித்து ஓயும். செம்மையாகச் செய்து, செம்மையாக எழுதிவைத்த பணியோ, செய்தவர் மறைந்த பின்னும் பயன் தந்துகொண்டே இருக்கும்.