அண்ணன் நடத்திய பள்ளிக்கூடம்: கிருபாபாய் சத்தியநாதன்



நம் சபையில் சில குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அக்டோபரிலும் கல்வித் துறைக்குப் படிவம் அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு மேசையையே வகுப்பறையாக்கிக் கொள்கிறார்கள். மில்பிடாஸுக்கு விடுமுறைக்கு வரும் சித்தப்பா முதல் நாகர்கோவிலிலிருந்து போனில் பேசும் பாட்டி வரை அவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். பிள்ளை நாலு பேரோடு பழக வேண்டாமா? கணக்கைப் பற்றியோ அறிவியலைப் பற்றியோ யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களிலும் ஒருவர். அவருடைய முதல் பள்ளிக்கூடம் வீடுதான். வாத்தியார் அவருடைய அண்ணன்.

இன்றைய மகாராஷ்டிராவிலுள்ள அகமத்நகரில் 1862-ல் கிருபாபாய் பிறந்தார். தகப்பனார் ஹரிபந்த், தாயார் ராதாபாய். இருவரும் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள். பிள்ளைகளே, அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்ற வீட்டாரோடு சொந்தக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். பெரியம்மா, மாமா, அத்தை பிள்ளைகள் என்று ஒரு குழந்தைக்கு இயல்பாகக் கிடைக்கும் கூட்டம் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கிருபாபாய்க்கு அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் உடன்பிறந்தவர்கள். அது பிள்ளைகள் நிறைந்த வீடு.

கிருபா சிறுமியாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயாரும் மூத்த அண்ணன் பாஸ்கரும்தான் வளர்த்தார்கள். பாஸ்கர் வயதில் மிகவும் பெரியவர். தங்கைக்குப் புத்தகங்களைக் கொடுப்பார். படித்து முடித்ததும் அதைப் பற்றி அவளோடு பேசுவார், வாதாடுவார், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்பார். பெண் பிள்ளை அடுப்படியில் இருந்தால் போதும் என்று பலரும் நினைத்த காலம் அது. பெரியவர் ஒருவர் தன் கருத்தை மதித்துக் கேட்கிறார் என்பது அந்தச் சிறுமிக்கு எவ்வளவு தைரியம் கொடுத்திருக்கும்! வீட்டுக் கல்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 30 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியரால் இப்படிச் செய்ய முடியாது.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆபத்தும் இருந்தது. வாத்தியாரும் அவர்தான், சிநேகிதனும் அவர்தான். பாஸ்கரும் இளவயதிலேயே இறந்தார். ஒரே நாளில் கிருபாவுக்கு அண்ணனும் போனார், பள்ளியும் போயிற்று, மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆளும் போனார்.

துக்கத்தில் இருந்த பெண்ணை இரண்டு ஐரோப்பிய மிஷனெரி அம்மாமார் பொறுப்பில் விட்டார்கள். கல்வி தொடர்ந்தது. ஆனால் அந்த நாட்கள் அவருக்கு முழு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. தன் வாழ்க்கையை வைத்துப் பின்னாளில் அவர் எழுதிய ‘சகுணா’ நாவலைப் படித்தால் இது புரியும். வீட்டில் சமமாக உட்கார்ந்து பேசிப் பழகிய பிள்ளை அவர். அந்த வெள்ளைக்கார வீட்டில் தான் கீழே வைத்துப் பார்க்கப்படுகிறோம் என்பதைச் சட்டென்று கண்டுகொண்டார். பழகத் தெரியாத பிள்ளை என்று அவரை யாராவது நினைத்திருக்கலாம். என் எண்ணம் வேறு. மரியாதை என்றால் என்ன என்று வீட்டிலேயே கற்றிருந்ததால்தான், அது இல்லாத இடம் அவருக்குத் தெரிந்தது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் செவிலியர் படிப்புக்கு இங்கிலாந்து போனபோது எனக்கு 19 வயது. பத்தாயிரம் பேர் படித்த பெரிய பள்ளியில் படித்தவள் போலத் தைரியமாகத்தான் விமானம் ஏறினேன். முதல் வாரம் கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றுவிட்டு, அறைக்கு வந்து பிஸ்கட் தின்றேன். 12 வருஷம் பள்ளிக்குப் போனவள்தான் நான். பழகுவது பள்ளியில் தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்வதுண்டு.

கிருபாபாய் அதன்பிறகு பம்பாயில் விடுதிப் பள்ளிக்குப் போனார். அங்கே ஒரு அமெரிக்கப் பெண் மருத்துவரைச் சந்தித்தார். ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று திரைக்குப் பின்னால் நோயோடு கிடந்த பெண்களுக்கு உதவ வேண்டும், அதற்குத் தானும் மருத்துவராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. உடல்நிலை சரியில்லாததால் அனுப்பவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்திருந்தது. 1878-ல் கிருபாபாயையும் சேர்த்துக்கொண்டது.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறோம். சென்னையில் அவர் தங்கியது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர் வீட்டில். திருநெல்வேலிக்காரர்களே, அவர் உங்கள் ஊர்க்காரர். அவருடைய மனைவி அன்னா அம்மாள், புகழ்பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தியவர், தாய்மாருக்காகத் தமிழில் ‘நல்ல தாய்’ என்ற புத்தகம் எழுதியவர். கிருபாபாயின் தாய்மொழி மராத்தி. மொழியும் சாப்பாடும் வேறான ஒரு தமிழ் வீட்டுக்குள் 16 வயதுப் பெண் வந்து சேர்ந்தார். அங்கே அவர் விருந்தாளியாகவே இருந்துவிடவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த வீட்டுப் பெண்ணைப் போல ஆனார், பின்னாளில் அந்த வீட்டு மருமகளாகவும் ஆனார்.

படிப்பில் ஆரம்பம் முதலே பிரமாதம். ஆனால் ஒரு வருஷம் முடிவதற்குள் உடல் முறிந்துபோயிற்று. 1879-ல் புனாவில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவப் படிப்பு அதோடு நின்றது. இரவுப் பணி பார்க்கிறவள் என்பதால் இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வருத்தம் வரும். போதும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கு என்று சொல்ல ஒரு சக மாணவி பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா?

மறுபடியும் சென்னைக்கு வந்தவர், போதகரின் மகன் சாமுவேல் சத்தியநாதனோடு நட்பாகி, அவரையே மணந்தார். சாமுவேல் கேம்பிரிட்ஜில் படித்தவர். உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமை ஆசிரியராக அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே கிருபாபாய் என்ன செய்தார் தெரியுமா? சி.எம்.எஸ். மிஷனின் உதவியோடு முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். மற்ற பெண்கள் பள்ளிகளிலும் போய்ப் பாடம் நடத்தினார். மதம் வேறு, மொழி வேறு, பழக்கம் வேறு. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத அந்தச் சிறுமிகளின் கூச்சத்தைப் புரிந்துகொள்ள அவரைவிடத் தகுதியானவர் யார்? உறவுக்காரர் இல்லாமல் வளர்ந்த பெண், போகிற ஊரிலெல்லாம் உறவைத் தேடிக்கொண்டார்.

எழுதத் தொடங்கியதும் உதகையில்தான். பத்திரிகைகளில் ‘ஒரு இந்தியப் பெண்’ என்ற புனைபெயரில் கட்டுரைகள் வந்தன. கணவரின் வேலைக்காக ராஜமுந்திரி, கும்பகோணம் என்று மாறி, சென்னைக்குத் திரும்பினார்கள். ‘சகுணா’ 1887, 1888-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் தொடராக வந்தது. பிறகு தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

அவருக்கு ஒரே ஒரு குழந்தை பிறந்தது. அது ஒரு வயது நிறையுமுன்னே இறந்தது. அவரும் நோயில் விழுந்தார். படுக்கையில் இருந்துகொண்டே ‘கமலா’ என்ற இரண்டாவது நாவலை எழுதி முடித்தார். 1894 ஆகஸ்டில் சென்னையில் இறந்தபோது அவருக்கு 32 வயது.

பிள்ளைகளே, ‘சகுணா’ உங்கள் கையில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தன்னைப் பற்றி எழுதிய அந்தக் கதையில் தன் பெயரைச் சகுணா என்று மாற்றிக்கொண்டார். புத்தகம் கொடுத்துப் பேசவைத்த அண்ணனின் பெயரை மாற்றவில்லை. கதையிலும் அவர் பாஸ்கர்தான்.