சிறைச்சுரத்தோடு போராடிய ஜான் ஹவர்டு

பிறர் அஞ்சி விலகும் இருட்டறைக்குள் வலியப் புகுந்து, அங்கே கிடந்தோரின் நிலையை உலகறியச் செய்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜான் ஹவர்டு 1726-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் செல்வக் குடியொன்றிற் பிறந்தார் என்பர். முந்திய ஆண்டின் நிலநடுக்கத்தாற் பாழான லிஸ்பன் நகரை நோக்கி 1756-இல் கப்பலேறிச் சென்றபோது, பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டுப் பிரெஸ்டு நகர்ச் சிறையில் அடைபட்டார். பசியும் வைக்கோற் படுக்கையும் அவர் நெஞ்சில் தழும்பாய் நின்றன.

1773-இல் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவி அவருக்கு வாய்த்தது. பலர் அலங்காரமாகக் கொண்ட அப்பதவியை அவர் கடமையாகக் கொண்டு, சிறைக்கூடத்தை நேரிற் சென்று பார்த்தார். குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோரும், சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமையால் மீண்டும் அடைபட்டிருந்தனர். அது முதல் நாடெங்குமுள்ள சிறைகளைக் காணப் புறப்பட்டார்.

அவர் கண்டவை யாவை? சன்னல்களுக்கு அக்காலத்தில் வரி உண்டு. அதனைச் செலுத்த வேண்டிய சிறைக்காவலர் சிலர் சன்னல்களையே அடைத்துவிட்டனர். ஒளியும் காற்றும் புகாத அறைகளில், குளிப்பும் மாற்றுடையுமின்றிப் பலர் நெருங்கிக் கிடந்தனர். அவர்களிடையே சிறைச்சுரம் பரவிற்று. தூக்குமரத்தில் மாண்டாரினும் இச்சுரத்தால் மாண்டாரே மிகுதி என்று அவர் கண்டறிந்தார். சிறைமதிலும் அந்நோயைத் தடுக்கவில்லை. 1750-இல் இலண்டன் நீதிமன்றத்திற்குக் கொணரப்பட்ட கைதிகளிடமிருந்து பரவி, நகரத் தலைவரையும் நீதிபதிகளையும் அது மாய்த்தது.

ஹவர்டின் ஆடையிற் சிறைநாற்றம் ஏறியமையால், அவர் மூடுவண்டியை விடுத்துக் குதிரைமேற் சென்றார். குறிப்பேட்டையும் நெருப்பனலிற் காட்டிய பின்னரே பயன்படுத்தினார். 1774-இல் பாராளுமன்றத்தின்முன் சான்று பகர்ந்தார். அவ்வாண்டிலேயே, சிறைச் சுவர்களுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும், அறைகளிற் காற்றோட்டம் அமைக்கவும், குளிக்குமிடமும் நோயாளர்க்குத் தனியறையும் மருத்துவரும் வைக்கவும் சட்டம் பிறந்தது. 1777-இல் சிறைகளின் நிலையை விளக்கும் அவரது நூல் வெளிவந்தது. பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற்கும் சென்றார். நோய்த்தடுப்பு விடுதிகளின் இயல்பை உள்ளிருந்தே அறிய விரும்பி, கொள்ளைநோய் ஐயத்திற்குரிய கப்பலொன்றில் வெனிசு நகரை அடைந்து, அங்குள்ள விடுதியில் தாமே அடைபட்டிருந்தார்.

கெட்ட காற்றே சுரத்திற்குக் காரணமென அக்காலத்தார் எண்ணினர். ஹவர்டும் அதனைப் பெரிதுங் கருதினார். உண்மைக் காரணம் 1909-இல்தான் வெளிப்பட்டது. துனிஸ் நகரில் ஆராய்ந்த சார்லஸ் நிக்கோல் என்பார், டைபஸ் எனப்படும் இச்சுரத்தை ஆளுக்காள் கொண்டுசெல்வது சீலைப்பேனே என்று நிறுவினார். நோயாளரைக் குளிப்பாட்டிப் பழைய உடையைக் களைந்தபின் அவர்களிடமிருந்து நோய் பரவாமையே அவருக்கு வழிகாட்டிற்று. நெருக்கமாய்க் கிடப்போர் உடையில் அப்பேன் எளிதிற் பரவும். உடையை மாற்றித் துவைக்க அழியும். ஹவர்டு வேண்டிய நீரும் தூய உடையும், காரணம் அறியப்படுமுன்னரே தக்க மருந்தாயின.

1790-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், இன்று உக்ரேன் நாட்டிலுள்ள கெர்சன் நகரில் அவர் சுரத்தால் மாண்டார். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் முதன்முதல் நிறுவப்பெற்ற நினைவுச்சிலை அவருடையதே.

எனினும் அவர் தொடங்கிய பணி முற்றவில்லை. 1990-களிற் புருண்டி நாட்டில் சிறையிலும் அகதி முகாம்களிலும் இதே சுரம் மீண்டும் தோன்றிற்று. மனிதரை நெருக்கி அடைத்து, நீரையும் மாற்றுடையையும் மறுக்குமிடத்து அது இன்றும் காத்திருக்கின்றது. அத்தகைய இடத்தைக் கண்டும் காணாதார்போற் செல்லாதிருத்தலே ஹவர்டின் வாழ்க்கையினின்று நாம் கற்கத்தக்க பாடமாகும்.